பாதி கட்டிய பாலத்தில் டிசைன் கோளாறு தெரிந்தால்...? மெல்போர்ன் கற்ற பாடம்

பெரிய நெடுஞ்சாலைப் பாலம் எதுவும் வரைபடத்தில் இருப்பதுபோல் அப்படியே எழும்பிவிடுவதில்லை. வேலை நடக்கும்போதுதான் சில கோளாறுகள் வெளியே தெரியும். அப்போது என்ன செய்கிறார்கள் என்பதில்தான் உயிர்கள் தங்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், யாரா ஆற்றின் மேல் கட்டப்பட்ட வெஸ்ட் கேட் பாலம் இதற்கு உதாரணம்.

சிக்கல் எங்கே தொடங்கியது?

1968-ல் வேலை தொடங்கியது. மேற்குக் கரையில் 10, 11-ம் தூண்களுக்கு நடுவே 112 மீட்டர் நீளத்துக்கு ஒரு எஃகுப் பெட்டி உத்தரம் வரவேண்டும். அதை நீளவாக்கில் இரண்டு பாதிகளாகத் தரையிலேயே செய்து, மேலே ஏற்றி, அங்கே இணைப்பது என்று முடிவு செய்தார்கள். ஒரே நேரத்தில் தூக்க வேண்டிய எடை பாதியாகிவிடும் இல்லையா?

ஆனால், மேலே ஏற்றிப் பார்த்தால் ஒரு பாதி மற்றதைவிடச் சுமார் 11 செ.மீ. உயரமாக நின்றது.

‘எடை வைத்து அமுக்கலாம்’

கீழே இறக்கிச் சரிசெய்தால் நாளும் போகும், பணமும் போகும். எனவே உயரமான பாதியின் மேல், தலா 8 டன் எடையுள்ள 10 கான்கிரீட் பாளங்களை வைத்தார்கள். உயர வித்தியாசம் குறைந்தது. ஆனால், மேல்தகடு ஓரிடத்தில் புடைத்துக்கொண்டது.

புடைப்புதானே என்று விட முடியாது. காலி டின்னை நிமிர்த்தி வைத்து மேலே ஏறினால் தாங்கும். பக்கத்தில் ஒரு ஒடுக்கு விழுந்திருந்தால் சட்டென நசுங்கிவிடும். புடைத்த தகடு தன் பங்குச் சுமையைத் தாங்காது. அது பக்கத்துத் தகடுகள்மேல் போய் விழும்.

கிழக்குக் கரையில் இதேபோன்ற புடைப்பை, இணைப்பு போல்ட்டுகளைக் கழற்றி எடுத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த நம்பிக்கையில் 1970 அக்டோபர் 15 காலை இங்கும் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்கள். புடைப்பு பரவியது. 11.50 மணிக்குச் சுமார் 2,000 டன் எடையுள்ள அந்தப் பகுதி சரிந்தது. மேலே வேலை செய்தவர்கள், கீழே ஷெட்டில் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தவர்கள் என 35 பேர் இறந்தனர்.

முன்கூட்டியே தெரியாதா?

எச்சரிக்கை இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன்பு, ஜூன் 2-ல், பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவனில் இதே வகைப் பாலம் கட்டும்போதே இடிந்து 4 பேர் பலியாகியிருந்தனர். இரண்டுக்கும் வடிவமைப்பு நிறுவனம் ஒன்றுதான். மெல்போர்ன் தொழிலாளர்கள் பயந்து கேட்டபோது, ‘இந்தப் பாலம் பத்திரமானது’ என்றே பதில் வந்தது. வடிவமைப்பு நிறுவனத்தின் தளப் பொறியாளரும் இறந்தவர்களில் ஒருவர்.

வடிவமைப்பு, அதைத் தூக்கி நிறுத்திய முறை இரண்டிலும் தவறு என்று 1971-ல் விசாரணை ஆணையம் சொன்னது. இடையில் எஃகு வேலை ஒரு ஒப்பந்ததாரரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியிருந்தது. யார் எதற்குப் பொறுப்பு என்பதே குழம்பிக்கிடந்தது.

பிறகு என்ன மாறியது?

பிரிட்டனில் அமைக்கப்பட்ட மெரிசன் குழு சில விஷயங்களை வலியுறுத்தியது. டிசைனை, அதைப் போட்டவரோடு சம்பந்தமில்லாத பொறியாளர் சரிபார்க்கணும். கட்டும் முறைக்கும் அதேபோல் தனிச் சோதனை வேணும். பொறியாளர், ஒப்பந்ததாரர் பொறுப்புகள் எழுத்தில் தெளிவாக இருக்கணும்.

வெஸ்ட் கேட் பாலம் 1978 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அந்த 11 செ.மீ. வித்தியாசம் தெரிந்த அன்றே வேலையை நிறுத்தி, உத்தரத்தைக் கீழே இறக்கியிருந்தால் நாளும் பணமும்தான் போயிருக்கும்.