ஆபி நாடகசாலை: ஒரு சங்கம் கம்பெனியான கதை

நமது சங்கங்களின் மகாசபை கூடும்போதெல்லாம் மூலையிலிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்பதுண்டு. “பத்துப் பேரைக் கேட்டு நடத்தினால் காரியம் நடக்காது, விஷயம் தெரிந்த ஒருவர் கையில் விட்டுவிடுங்கள்” என்பதே அது. உடனே எதிர்மூலையிலிருந்து, “அப்படியானால் சங்கம் எதற்கு? பழைய முதலாளியே போதுமே” என்று மற்றொரு குரல் எழும். இரண்டு குரலிலும் நியாயம் இருக்கிறது என்பதை நெடுநாள் அங்கத்தினர்கள் அறிவார்கள். இந்த வழக்கு தறிக்கும் வயலுக்கும் மட்டுமே உரியதன்று. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், ஊதியம் வாங்காமல் நாடகம் ஆடி வந்த சிலர், நூறாண்டுகளுக்கு முன்னர் இதே வழக்கைத் தங்களுக்குள் நடத்தினார்கள். அவர்கள் தோற்றுவித்ததே உலகப் புகழ் பெற்ற ஆபி நாடகசாலை.

தொடக்கம் மிக எளியது. ஃபிராங்க் ஃபே, வில்லியம் ஃபே என்று இரு சகோதரர்கள். மூத்தவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். இளையவர் மின்சாரத் தொழிலாளி. இளையவர் சில காலம் ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களோடு அலைந்து மேடை வேலை முழுவதையும் கற்றவர். மூத்தவருக்கு நாடகப் புத்தகங்களும் குரல் பயிற்சியுமே உயிர். இருவரும் பகல் வேலை முடிந்தபின் நண்பர்களைத் திரட்டி, 1891 முதல் டப்ளினில் சிறு சிறு நாடகங்களை நடத்தி வந்தனர்.

அக்காலத்தில் டப்ளின் நாடக அரங்குகளில் பெரும்பாலும் இங்கிலாந்துக் குழுக்களே வந்து ஆடிச் சென்றன. கவிஞர் யேட்ஸும் கிரிகரி சீமாட்டியும் 1899-ல் தொடங்கிய ஐரிஷ் இலக்கிய நாடக முயற்சியிலும் நடிகர்கள் இங்கிலாந்திலிருந்தே தருவிக்கப்பட்டனர். நூல் நம்முடையது, நெய்பவர் அயலூரார் என்பதைப் போன்ற நிலை அது. ஐரிஷ் நாடகத்தை ஐரிஷ் மக்களே நடிக்க வேண்டும் என்று ஃபிராங்க் ஃபே பத்திரிகையில் விடாது எழுதினார்.

அவருடைய கட்சி 1902-ம் ஆண்டு ஏப்ரலில் மெய்ப்பிக்கப்பட்டது. புனித தெரசா மதுவிலக்குச் சங்கத்தின் மண்டபத்தில், ஏ.ஈ. என்ற புனைபெயர் கொண்ட ஜார்ஜ் ரஸ்ஸலின் ‘டெயர்ட்ரி’யும், யேட்ஸின் பெயரில் வந்த ‘காத்லீன் நி ஹூலிஹ’னும் மூன்று இரவுகள் நடிக்கப்பெற்றன. இரண்டாம் நாடகத்தை எழுதியதில் கிரிகரி சீமாட்டிக்கும் பெரும் பங்குண்டு. நாட்டையே ஒரு கிழவியாக உருவகித்த அந்நாடகத்தில், விடுதலை இயக்கத் தலைவியான மாட் கான் கிழவியாகத் தோன்றினார். ஃபே சகோதரர்களை ஏ.ஈ.யிடம் அறிமுகப்படுத்தியவர் ஜேம்ஸ் கஸின்ஸ் என்ற இளங்கவிஞர். இவரை நம் நாட்டுப் பெரியோர் சிலர் நேரில் அறிந்திருந்தனர். 1915-ல் அன்னி பெஸன்ட் அம்மையாரின் அழைப்பின்பேரில் சென்னைக்கு வந்து, பின்னர் மதனபள்ளிக் கல்லூரியில் பணியாற்றி, 1956-ல் அவ்வூரிலேயே காலமான கஸின்ஸ்தான் அவர்.

வெற்றி கண்ட குழுவினர் கேம்டன் தெருவில், கடைகளுக்குப் பின்னாலிருந்த ஒரு சிறு ஹாலை வாடகைக்கு எடுத்தனர். கூரை ஒழுகும், குளிர் வாட்டும், நாலு பேர் நின்றால் மேடை நிறைந்துவிடும். பலகைகளையும் திரைகளையும் அங்கத்தினர்களே தங்கள் கையால் அமைத்துக்கொண்டார்கள். பொதுமக்களுக்கு அங்கே ஆட இயலாது என்பது விரைவில் விளங்கிவிட்டது. எனினும் ஒத்திகைக்கு அதுவே வீடாயிற்று. அங்கு எவருக்கும் சம்பளம் கிடையாது.

1903-ல் இக்குழு ஐரிஷ் தேசிய நாடக சங்கமாக அமைந்தது, யேட்ஸ் தலைவரானார். இந்த இடத்தில் நம் வாசகர்கள் சற்றே நிற்க வேண்டும். சங்கத்தின் விதிகளை அமைப்பதில் பெருந்துணை புரிந்த ஏ.ஈ. வெறும் கவிஞர் அல்லர். அவர் இளமையில் ஒரு ஜவுளிக் கடையில் எழுத்தராக இருந்தவர். 1897 முதல் ஹோரஸ் பிளங்கட்டின் ஐரிஷ் விவசாய அமைப்புச் சங்கத்தில் ஊழியராகச் சேர்ந்து, சைக்கிளில் கிராமம் கிராமமாகச் சென்று, குடியானவர்களைக் கூட்டி நாணய சங்கங்களை அமைத்து வந்தவர். அந்த இயக்கத்தின் வாரப் பத்திரிகைக்கு 1905 முதல் பல்லாண்டுகள் ஆசிரியராகவும் இருந்தார். வெண்ணெய் விலையும் கோழி வளர்ப்பும் வெளிவந்த அந்தப் பத்திரிகையில்தான் ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் சிறுகதைகள் 1904-ல் அச்சேறின என்பதை, கூட்டுறவுப் பத்திரிகைகளை ஏளனமாகப் பார்ப்போர் அறிந்துகொள்வது நல்லது.

இத்தகைய ஒருவர் கை வைத்த விதிகள் எப்படி இருக்கும்? நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கத்தினர்களின் வாக்குக்கு உரியதாயிற்று. உலகறிந்த கவிஞர் யேட்ஸுக்கும் ஒரு வாக்கு. பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு மாலையில் நடிக்க வரும் பெண்ணுக்கும் ஒரு வாக்கு. பண்டகசாலைக்கும் பால் சங்கத்துக்கும் இது பொருந்தும். கலைக்குப் பொருந்துமா என்ற ஐயம் யேட்ஸின் உள்ளத்தில் தொடக்கத்திலேயே இருந்தது. நல்ல நாடகம் எதுவென்பதைக் கை தூக்கி முடிவு செய்யலாகாது என்பது அவருடைய எண்ணம்.

அவ்வாண்டு மே மாதம் இரண்டாம் நாள் இவர்கள் லண்டனுக்குச் சென்று ஐந்து நாடகங்களை ஆடினார்கள். அன்று சனிக்கிழமை. பகலில் ஓர் ஆட்டம், மாலையில் ஓர் ஆட்டம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு தத்தம் பகல் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. லண்டன் விமரிசகர்களை வியப்பில் ஆழ்த்தியது இவர்களின் அசையாமை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சிலைபோல் நின்று கேட்டார்கள். கைவீச்சும் கண்வீச்சுமாகப் பழகிப்போன லண்டன் மேடைக்கு அது புதிது. ஃபே சகோதரர்கள் கொடுத்த பயிற்சியின் பயன் அது.

1904 பிப்ரவரியில் ஸிங் எழுதிய ‘கடலுக்குச் செல்வோர்’ என்ற சிறு நாடகம் அரங்கேறியது. நெசவாளர்கள் அறிய வேண்டிய நாடகம் இது. மேற்குக் கடற்கரைத் தீவொன்றில் ஒரு தாய். கடல் அவளுடைய ஆண்மக்களை ஒவ்வொருவராக விழுங்குகிறது. எங்கோ கரை ஒதுங்கிய பிணத்தின் உடைகள் ஒரு மூட்டையாக வீடு வந்து சேர்கின்றன. அவை தங்கள் சகோதரனுடையவையா? துணியை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதே துணி கடையில் சுருள் சுருளாகக் கிடைப்பதுதானே என்று சகோதரிகள் தயங்குகிறார்கள். பிறகு காலுறையை எடுத்து அதைப் பின்னிய தங்கை கண்ணிகளை எண்ணுகிறாள். அறுபது கண்ணி போட்டு நான்கைத் தவற விட்டது அவள் கைக்கு நினைவிருக்கிறது. அடையாளம் உறுதியாகிவிடுகிறது. கடைத் துணி யாருடையதும் ஆகலாம். கைவேலை தன்னைச் செய்தவரை மறைக்காது. மேடையில் இராட்டினம் ஒன்று உண்மையாகவே சுழன்றது. அதையும் தீவு மக்களின் உடைகளையும் மேற்குச் சீமையிலிருந்தே தேடிக் கொணர்ந்தார்கள். இதற்குச் செலவழித்த சிரத்தையைப் பார்த்தால், ஊதியமில்லாத வேலை என்று யாரும் சொல்லார்.

பின்பு பணம் வந்தது. தேயிலை வணிகக் குடும்பத்தில் பிறந்த ஆனி ஹார்னிமன் என்ற ஆங்கிலப் பெண்மணி, யேட்ஸின் கலையில் கொண்ட மதிப்பினால், டப்ளின் ஆபி தெருவிலிருந்த தொழிலாளர் கழக அரங்கையும் அதையடுத்திருந்த பழைய பிணக்கிடங்கையும் குத்தகைக்கு எடுத்து, புதுப்பித்து, வாடகையின்றிச் சங்கத்துக்கு வழங்கினார். 562 இருக்கைகள் கொண்ட அந்நாடகசாலை 1904 டிசம்பர் 27-ல் திறக்கப்பட்டது. முன்கூடத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் டப்ளினிலேயே, ஸாரா பர்ஸரின் பட்டறையில் செய்யப்பட்டவை.

கொடையாளிக்கும் நிபந்தனைகள் இருந்தன. ஆறு பென்ஸ் டிக்கட் கூடாது, ஒரு ஷில்லிங்குக்குக் குறைந்து யாரும் உள்ளே வரக் கூடாது என்றார். மற்ற அரங்குகளில் ஆறு பென்ஸ் கொடுத்து மாடியில் உட்கார்ந்து பழகிய தொழிலாளிக்கு இது இரட்டிப்பு விலை. தேசிய நாடகசாலையின் வாயிலில் தேசத்தின் பெரும்பகுதி நிறுத்தப்பட்டதாகப் பலர் குறைப்பட்டனர். 1906-ல்தான் ஆறு பென்ஸ் இருக்கை வந்தது.

சொந்த அரங்கு வந்த பிறகு வாரம் ஒரு நாள் ஆட்டம் போதாது. கடையையும் அலுவலகத்தையும் விட்டு வர வேண்டுமானால் சம்பளம் வேண்டும். 1905-ல் ஹார்னிமன் சம்பளத்துக்கும் பொறுப்பேற்க முன்வந்தார். ஆனால் பணம் கொடுப்பவரும் யேட்ஸும் பொறுப்பான நிர்வாகத்தை வேண்டினர். பழைய விதிகளை மாற்றும்படி ஏ.ஈ.யிடமே சென்றார்கள். ஒரு வாக்கு முறையை வளர்த்தவரே அதை முடிக்கும் பத்திரத்தையும் எழுத வேண்டியதாயிற்று. அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அங்கத்தினர்கள் கூடி மாற்றத்துக்கு இசைந்தனர். தேசிய நாடக சங்கம் லிமிடெட் பதிவாயிற்று. பதிவு செய்யப்பட்ட சட்டமோ 1893-ம் ஆண்டின் தொழில் மற்றும் சேமநலச் சங்கச் சட்டம். கூட்டுறவுச் சங்கங்கள் பதிவாகும் சட்டமே அது! பெயர்ப் பலகை அப்படியே இருக்க, உள்ளே அதிகாரம் யேட்ஸ், கிரிகரி சீமாட்டி, ஸிங் என்ற மூன்று டைரக்டர்களின் கைக்குச் சென்றது. நாடகத்தைத் தேர்வதும் நடிகரை நியமிப்பதும் இனி அவர்கள் பொறுப்பு. அங்கத்தினராக இருந்தவர்கள் சம்பளக்காரர்கள் ஆனார்கள்.

ஒப்பந்தத் தாள் கைக்கு வந்தபோதுதான் பலருக்குத் தாங்கள் இசைந்தது என்னவென்று விளங்கிற்று. மாய்ரா நிக் ஹ்யூலி என்ற பெயரால் மேடையில் புகழ்பெற்ற மேரி வாக்கர் விலகினார். அவரோடு கவிஞர் பாட்ரிக் காலம் முதலிய பலர் வெளியேறி, 1906-ல் அயர்லாந்து நாடகக் குழு என்ற வேறொரு சங்கத்தைத் தொடங்கினர். அது ஊதியமில்லா முறையிலேயே சில ஆண்டுகள் நடந்து ஓய்ந்தது.

யார் பக்கம் நியாயம்? என் கருத்தில், சம்பளத்தை வேண்டியவர்கள் தவறு செய்யவில்லை. பகல் முழுதும் உழைத்துக் களைத்த உடல் எத்தனை ஆண்டு இரவிலும் உழைக்கும்? டைரக்டர்கள் துணிந்து ஏற்ற நாடகங்களுள் சில பொது வாக்குக்கு விடப்பட்டிருந்தால் மேடையேறியிருக்கவும் மாட்டா. 1907 ஜனவரியில் ஸிங்கின் ‘மேற்குலகின் வீரக்காளை’ ஆடியபோது அரங்கில் கூச்சலும் கலகமுமாகிப் போலீசார் வர நேர்ந்தது. இருந்தும் நாடகம் நிறுத்தப்படவில்லை. நடிகர்கள் வாரம் முழுவதும் ஆடி முடித்தார்கள். ஆனால் சம்பளம் தருவதற்கு வாக்கைப் பிடுங்க வேண்டிய அவசியம் என்ன? நாடகத் தேர்வை ஒரு சிறு குழுவிடம் ஒப்படைத்து, நியமனத்தையும் கணக்கையும் மகாசபையிடமே வைத்திருக்கலாம். நம் கைத்தறிச் சங்கங்களில் டிசைன் தேர்வதற்கு மகாசபை கூடுவதில்லை. அதனால் அங்கத்தினர் வாக்கு இழந்தவர் ஆவதும் இல்லை. அந்த நடுவழியை டப்ளினில் யாரும் தேடிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. புதிய ஏற்பாட்டை ஆதரித்து உள்ளே தங்கிய ஃபே சகோதரர்களே இரண்டே ஆண்டுகளில் வெளியேறினார்கள். நடிகர்கள் மீது தமக்கு முழு அதிகாரம் வேண்டுமென்று வில்லியம் ஃபே கேட்டார்; டைரக்டர்கள் மறுத்தனர். 1908 ஜனவரியில், தாம் பயிற்றி வளர்த்த மேடையை விட்டு இருவரும் இறங்கினர். முறையிட்டுக்கொள்ள அவர்களுக்கு அப்போது மகாசபை இருக்கவில்லை.

கம்பெனி நிலைத்தது. 1910-ல் ஹார்னிமனின் உதவி நின்றது. 1911-ல் குழு அமெரிக்காவுக்குச் சென்றது. 1925-ல் புதிய ஐரிஷ் அரசு ஆண்டுக்கு 850 பவுன் மானியம் வழங்கியது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அரசு மானியம் பெற்ற முதல் நாடகசாலை என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 1951-ல் கட்டடம் தீக்கிரையாயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1966-ல், அதே இடத்தில் புதிய கட்டடம் எழுந்தது.

விலகிச் சென்ற மாய்ரா நிக் ஹ்யூலி 1910-ல் சம்பள நடிகையாக ஆபிக்குத் திரும்பி வந்து சில காலம் நடித்தார். பல்லாண்டுகள் கழிந்து, 1955-ல், தம் நினைவுகளை நூலாக வெளியிட்டபோது, ‘ஒளி பொருந்திய ஆண்டுகள்’ என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார். கூரை ஒழுகிய கேம்டன் தெரு ஹாலின் நாட்களும் அந்த ஆண்டுகளில் அடக்கம்.