வாலை மட்டும் பார்த்தால் போதுமா?

குரைக்கிற நாய் கடிக்காது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அதுபோலவே, வாலாட்டும் நாயும் கடிக்காது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த நம்பிக்கையுடன் கையை நீட்டிக் கடிபட்டு அழும் குழந்தைகள் பலர். ஆகவே, நாய் தன் மகிழ்ச்சியை எவ்வாறு வெளிப்படுத்துகிறது என்பதைப் பெற்றோர் அறிந்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பது இன்றியமையாததாகும்.

வாலாட்டுதல் மகிழ்ச்சியின் அடையாளம் என்பதை மறுப்பதற்கில்லை. தோபித்து ஆகமத்தில், இளைஞன் தோபியாவுடன் நெடும்பயணம் சென்ற நாய் அவனோடு வீடு திரும்புகிறது. அந்த நாய் முன்னே ஓடி வந்து, வாலை ஆட்டித் தன் களிப்பைக் காட்டியதாகப் புனித எரோணிமுஸின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் காண்கிறோம்.

ஆயினும் நாய் வாலினால் மட்டும் பேசுவதில்லை. உடல் முழுவதாலும் பேசுகிறது. மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறைபற்றிச் சார்லஸ் டார்வின் 1872-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். பகைமையோடு அணுகும் நாய் நிமிர்ந்து விறைப்பாக நடக்கும், வால் உயர்ந்து நிற்கும், மயிர் சிலிர்க்கும். வந்தவர் தன் எசமானர் என்று அறிந்தவுடன் அதே நாய் உடலைத் தாழ்த்தி நெளியும், காதுகள் பின்சாயும், வால் தாழ்ந்து இருபுறமும் வீசியாடும்.

2007-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களைக் கூர்ந்து கவனித்தனர். உரிமையாளரைக் கண்டபோது வால் நாயின் வலப்புறமாக மிகுதியாக ஆடியது. முன்பின் அறியாத, முரட்டு இயல்புள்ள நாயைக் கண்டபோது இடப்புறமாக மிகுதியாக ஆடியது. வாலாட்டம் ஒன்றுபோல் தோன்றினாலும் பொருள் ஒன்றல்ல என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

விளையாட விரும்பும் நாய் முன்னங்கால்களைத் தரையில் படிய நீட்டி, பின்புறத்தை உயர்த்தி, வணங்குவதுபோல் நிற்கும். கடித்துத் தலையை உலுக்குவது போன்ற செயல்களைச் சண்டை என்று மற்ற நாய் தவறாகக் கொள்ளக்கூடும். அத்தகைய செயலுக்குச் சற்று முன்னும் பின்னுமே இந்த வணக்கம் மிகுதியாக நிகழ்கிறது என்று அமெரிக்க அறிஞர் மார்க் பெக்காஃப் 1995-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பெரிய நாய் குட்டியின்முன் தானே மல்லாந்து படுப்பதும், துரத்திய நாயே பின்னர் துரத்தப்படுவதும் உண்டு. அப்போது வாய் தளர்ந்து திறந்திருக்கும். உடலில் விறைப்பே இராது.

இதற்கு மாறாக, உடல் விறைத்து அசைவற்று நிற்பது, வாயை இறுக மூடுவது, வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவது, உதட்டை அடிக்கடி நக்குவது ஆகியவை அச்சத்தின் அல்லது சினத்தின் அறிகுறிகள். வால் ஆடினாலும் அப்போது விலகிச் செல்வதே நல்லது. நாய் பல்லைக் காட்டிச் சீறுவதைச் சிறு குழந்தைகள் சிரிப்பென்று எண்ணிவிடுகின்றனர் என்பதை இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலால் குழந்தையையும் நாயையும் தனியே விடலாகாது.

உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் நாயையும் தொடாதிருக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். தடவிக்கொடுக்கும்போது இடையில் கையை எடுத்துப் பார்க்கட்டும். நாய் தானே நெருங்கி வந்தால் அது மகிழ்கிறது. விலகிச் சென்றால் விட்டுவிட வேண்டும்.

கடி நேர்ந்துவிட்டாலோ, புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது.

வாயில்லாப் பிராணி என்று நாயைச் சொல்கிறோம். அது உடலால் சொல்வதைப் படிக்கக் கற்ற பிள்ளை, அதனோடு அச்சமின்றி விளையாடும். விளையாடக் கூடாத வேளையையும் அறிந்துகொள்ளும்.