அக்கம்பக்கத்து உயிர்கள் – 7: மழைக்காலச் சாப்பாடு

தேனீ எதற்காகத் தேன் சேர்க்கிறது என்று கேட்டால், பனிக்காலத்துக்காக என்கின்றன மேலைநாட்டுப் புத்தகங்கள். படப்பையில் ஏது பனிக்காலம்? மார்கழி விடியலில் வாலாஜாபாத் சாலையில் கொஞ்ச நேரம் மூடுபனி நிற்கும். வெயில் ஏறினால் அதுவும் போச்சு. அப்படியிருந்தும் இங்கே மரப்பொந்தில் குடியிருக்கும் அடுக்குத் தேனீ அடையடையாகத் தேன் வைக்கிறது.

மழைக்குப் பயந்துதான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தேனீ வெளியே பறக்க முடியாது. பறந்தாலும் பூவிலிருக்கும் இனிப்பு நீர்த்துக் கிடக்கும். கூட்டுக்குள் ஆயிரக்கணக்கான வாய்கள். அது போதாதென்று புழுக்கள் இருக்கும் அடையை ஏறக்குறைய 34 டிகிரி சூட்டில் வைத்திருக்கவும் வேண்டும். குளிர்ந்த இரவில் சிறகை அசைக்காமலே பறக்கும் தசைகளைத் துடிக்கவிட்டு அந்தச் சூட்டை உண்டாக்குகின்றன. அதற்கு எரிபொருள் தேன்.

தேன் மட்டும் தின்று தேனீ வளராது. சர்க்கரை பறப்பதற்கு, உடம்பு வளர மகரந்தம் வேண்டும். பின்னங்காலில் மஞ்சள் உருண்டையாக ஒட்டிவருகிறதே, அது. இளம் வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தின்று, தலையிலுள்ள சுரப்பிகளில் பால் சுரந்து புழுக்களுக்கு ஊட்டுகின்றன. எல்லாப் புழுவுக்கும் முதல் மூன்று நாள் போல அந்தப் பால் உண்டு. ராணியாகப் போகும் புழுவுக்கு மட்டும் கடைசிவரை அதுவே சாப்பாடு.

‘தேன் என்பது தேனீயின் வாந்தி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அரைகுறை அறிவு. பூவில் உறிஞ்சியது இரைப்பைக்குப் போவதில்லை. அதற்கு முன்னால் தனியாக ஒரு தேன்பை, நடுவே ஓர் அடைப்பு. கூட்டுக்கு வந்ததும் வாய்க்கு வாய் கைமாறுகிறது. எச்சிலிலுள்ள நொதி கரும்புச் சர்க்கரையை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைக்கிறது. பிறகு சிறகால் விசிறி விசிறி நீரை வற்றவைக்கின்றன. பூவில் பெரும்பாலும் தண்ணீராக இருந்தது, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்கூட மிஞ்சாத பாகாக இறுகியதும் மெழுகு மூடி போடுகின்றன. கிருமி பிழைக்க அதில் நீர் போதாது. கொஞ்சம் அமிலமும் உண்டு. அதனால்தான் கெடாது.

நம் பக்கத்து வரவு வைப்பு பங்குனி, சித்திரையில். வேம்பு, புங்கம் பூத்துக் கொட்டும் நேரம். முருங்கையும் தென்னையும் மற்ற மாதங்களில் கைகொடுக்கும். பூ வறண்டால் தாம்பரம் கரும்புச்சாறு வண்டிகளை மொய்க்கும். குற்றம் சொல்ல முடியாது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கதை வேறு. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்தே வருவதில்லை. இலையுதிர்ந்த ரப்பர் மரம் தளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகளும் சேரும் காம்பு நுனியில் இனிப்பு கசியும். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை தேனீக்கு அதுதான் அறுவடை. தென்மேற்குப் பருவமழை வந்ததும் பஞ்சம். பெட்டி வைத்திருப்பவர்கள் சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சும்மா விட்டால் அடுக்குத் தேனீ கூட்டோடு கிளம்பிவிடும். இத்தாலியத் தேனீ அளவுக்குச் சேமிக்கும் குணமும் அதற்கில்லை, பட்டினியோடு ஒரே இடத்தில் கிடக்கும் பொறுமையும் இல்லை.

அந்தப் பெட்டிகளில் பல, 1911 முதல் 1917 வரை திருச்சியில் தேனீ வளர்ப்புச் சொல்லிக்கொடுத்த பாதிரியார் நியூட்டன் பெயரில் வழங்குபவை. கீழே புழு அறை, மேலே தேன் அறை. அதற்குமுன் தேனெடுப்பது என்றால் புகைபோட்டு, அடையைப் புழுவோடு பிழிவதுதான். இப்போது மேலறைச் சட்டங்களை மட்டும் உருவி, இயந்திரத்தில் சுற்றித் தேனை வடித்துவிட்டு, காலி அடையைத் திருப்பி வைக்கலாம். கீழறையில் இருப்பது தேனீயின் பங்கு. ஆசைப்பட்டு அதிலும் கைவைத்தால் ஆடி மாதம் பெட்டி காலி.

அடுக்குமாடிச் சன்ஷேடில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் ஊர்மாறும் கதை அடுத்த வாரம்.