புல்லில் ஓடும் கார்!

அமெரிக்க விஞ்ஞானிகளின் கனவு பலிக்குமா?

மாடு புல் தின்று பால் தருகிறது. அதே புல்லைக் கொண்டு காரை ஓட்ட முடியுமா?

"முடியும்" என்கிறார்கள், அமெரிக்க விஞ்ஞானிகள்.

அமெரிக்காவில் பெட்ரோலுடன் எத்தனால் என்ற எரிசாராயத்தைக் கலக்கிறார்கள். அதைப் பெரும்பாலும் மக்காச்சோளத்தில் இருந்து எடுக்கிறார்கள். அங்கு விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போகிறது.

வயிற்றுக்கு ஆகும் தானியத்தை காருக்குக் கொடுப்பதா? இந்தக் கேள்வி எழுந்தபோதுதான் புல்லின் பக்கம் பார்வை திரும்பியது.

சாமைக்கு உறவு

அந்தப் புல்லின் பெயர் "சுவிட்ச் கிராஸ்". நம் ஊர் சாமைக்கு நெருங்கிய உறவு. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். வேர் 10 அடி ஆழம் வரை இறங்கும். அதனால் மண் அரித்துப் போகாது.

ஒரு தடவை விதைத்தால் 10 ஆண்டுகள் அறுக்கலாம். ஆனால் முழு விளைச்சலைக் காண 3 ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

நெப்ராஸ்கா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் 10 பண்ணைகளில் இதை 5 ஆண்டுகள் பயிரிட்டுப் பார்த்தார்கள். 2008-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. ஏக்கருக்கு 2 டன் முதல் 4½ டன் வரை காய்ந்த புல் கிடைத்தது. உழவுக்கும், உரத்துக்கும், ஆலைக்கும் செலவாகும் சக்தியைப்போல் 5 மடங்குக்கு மேல் எரிசாராயமாகத் திரும்பக் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள்.

பூட்டிய சர்க்கரை

பிறகு என்ன தடை?

சோளத்தில் இருப்பது மாவு. அது எளிதில் சர்க்கரையாகும், புளித்து எரிசாராயமாகும். புல்லிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அது கெட்டியான நாருக்குள் பூட்டிக் கிடக்கிறது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிடுகின்றன. ஆலையிலோ அதற்கு வெப்பம் வேண்டும். விலை உயர்ந்த நொதிகள் வேண்டும்.

புல், தட்டை, மரத்தூள் போன்ற நார்ப்பொருள்களில் இருந்து 2022-ம் ஆண்டில் 1,600 கோடி காலன் எரிபொருள் எடுக்க வேண்டும் என்று அமெரிக்கா 2007-ல் சட்டம் செய்தது. 2022 வந்தது. பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை!

சோளத்தட்டையில் இருந்து எரிசாராயம் எடுக்க, அயோவா மாநிலத்தில் 2015-ல் ஒரு பெரிய ஆலை திறந்தார்கள். இரண்டே ஆண்டில் அந்த வேலை நின்றுபோனது.

விவசாயியின் கவலை

இதில் திண்டாடுவது விவசாயிதான். "3 ஆண்டுகள் காத்திருந்து புல் வளர்க்கிறேன். வாங்க ஆலை இருக்குமா?" என்பது அவர் கவலை. "ஆலை கட்டினால் புல் கிடைக்குமா?" என்பது முதலாளியின் கவலை.

பசுவின் வயிறு செலவில்லாமல் செய்கிற வேலையை, ஆலையும் மலிவாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை புல் மாட்டுக்கே!