சூசன்னாவின் தோட்டமும் என் மகனின் கைத்தொலைபேசியும்

இதை எழுதலாமா என்று முதலில் என் மகனிடம்தான் கேட்டேன். "பெயரைப் போடாமல் எழுதுங்கோ அம்மா" என்றான். ஆகவே அவனுடைய பெயரும் இங்கே இல்லை, என்னுடையதும் இல்லை. மன்னார் மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் மாதம் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவன் ஒன்பதாம் ஆண்டில் இருந்தான். இனிப் பாடங்கள் வாட்ஸ்அப்பில் வரும், சூமில் நடக்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ பொத்தான் அமுக்கிப் பேசுகிற சின்னப் போன். என் தோட்டை அடகு வைத்து ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தேன். 2009 இல் மூன்று வயதுப் பிள்ளையாக அவனைத் தூக்கிக்கொண்டு செட்டிகுளம் முகாமுக்கு வந்தவள் நான். தகப்பன் வரவில்லை. படிப்பு ஒன்றுதான் நான் அவனுக்குக் கொடுக்கக்கூடிய சொத்து என்று இருந்தவளுக்குத் தோடு பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஒரு நாள் இரவு, தைத்து முடித்துவிட்டுப் படுக்கப் போகும்போது அவனுடைய போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. படிக்கிறான் என்றே நினைத்தேன். கண் கெட்டுப்போகும் என்று போர்வையை இழுத்தேன். அதில் கண்டதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. வாசிக்கிற தாய்மாருக்கு விளங்கும்.

நான் செய்ததையும் மறைக்கக் கூடாது. தும்புத்தடியால் அடித்தேன். "தகப்பன் இல்லாமல் வளர்த்ததுக்கு நல்ல கைம்மாறு" என்று அயல் கேட்கக் கத்தினேன். போனைப் பறித்து அரிசி வாளிக்குள் புதைத்தேன். நாலு நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. ஒப்படை வரவில்லையே என்று ஆசிரியை பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு அனுப்பினார். ஐந்தாம் நாள், எங்கள் பங்கில் இருந்த அருட்சகோதரி ஒருவரிடம் போய், செத்த வீட்டில் அழுவது போல அழுதேன்.

சிஸ்டர் அழுது முடியும்வரை விட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைக்கு இது எப்படி வந்தது என்று கேட்டனீங்களோ?"

நான் கேட்கவேயில்லை. அன்று இரவு விறாந்தையில் பாயைப் போட்டு, அடுப்பு வேலையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து கேட்டேன். நெடுநேரத்துக்குப் பிறகு சொன்னான். வகுப்புப் பொடியன்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் பகிடிக்கு ஓர் இணைப்பை அனுப்பியிருக்கிறான். முதல் தடவை பார்த்தபோது அருவருப்பாக இருந்ததாம். ஆனாலும் மறுநாள் கை தானாகப் போனதாம். ஒன்றைப் பார்த்தால் கீழே பத்து வருகிறது, காசும் கேட்பதில்லை. "நாளைக்குப் பாக்க மாட்டன் என்று ஒவ்வொரு இரவும் மாதாவிட்ட சொல்லிப்போட்டுத்தான் அம்மா படுப்பன்" என்றான். அவனை அடித்த என் கை எனக்கே கூசியது. நான் ஒரு கெட்ட பிள்ளையை அடித்ததாக நினைத்திருந்தேன். மாதக்கணக்காகத் தனியே போராடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைத்தான் அடித்திருக்கிறேன்.

மறுமுறை போனபோது சிஸ்டர் என் கையில் விவிலியத்தைத் தந்து தானியேல் நூலின் 13 ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். சூசன்னாவின் கதை. (புரட்டஸ்தாந்து சகோதரிகளின் வேதாகமத்தில் இந்த அதிகாரம் சேர்க்கப்படவில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.) நாடு கடத்தப்பட்டு பாபிலோனில் வாழ்ந்த யூத மக்களிடையே சூசன்னா ஒரு குடும்பப் பெண். அவளுடைய வீட்டுக்கு வழக்குத் தீர்க்க வந்து போகிற இரண்டு முதியோர், மக்களின் நீதிபதிகள். தினமும் அவள் தோட்டத்தில் உலாவுவதை ஒளிந்து பார்க்கிறார்கள். ஒருவருக்கு மற்றவரின் எண்ணம் தெரியாது. ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரம் என்று சொல்லிப் பிரிந்து போகிறார்கள். இருவருமே களவாகத் திரும்பி வந்து ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள்! அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் குளிக்க வரும் வேளையில் தோட்டத்துக்குள் ஒளிந்திருந்து, "இணங்காவிட்டால் ஓர் இளைஞனோடு கண்டோம் என்று சாட்சி சொல்வோம்" என்று மிரட்டுகிறார்கள். அவள் உரத்த குரலில் கத்துகிறாள். மறுநாள் ஊர் கூடி விசாரிக்கும்போது அவளுடைய முக்காட்டை அகற்றும்படி அந்த இருவரும் கட்டளை இடுகிறார்கள், சபை நடுவிலும் அவளைப் பார்த்து இரசிப்பதற்காக. கடைசியில் இளைஞனான தானியேல் அவர்களைத் தனித்தனியே விசாரித்து, எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள் என்று கேட்க, ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைப் பூசையில் வருடந்தோறும் இந்த வாசகம் வருகிறது. எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பொய்ச்சாட்சி பற்றிய கதை என்றுதான் விளங்கி வைத்திருந்தேன். இந்த முறை முக்காட்டை அகற்றச் சொன்ன வரியில் நின்றுவிட்டேன்.

ஏனென்றால் சகோதரிகளே, பார்க்கப்படுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். முகாமில் சேலையைச் சுற்றிக்கட்டி மறைப்பு வைத்துக் குளித்தவர்கள். போரின் முடிவில் எங்கள் பெண்களின் உயிரற்ற உடல்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தவர்கள் இருந்தார்கள். அந்தக் காட்சிகள் 2011 ஜூனில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் வந்து உலகம் முழுவதும் போயின. என்னுடைய மகளோ, தங்கையோ என்று நெஞ்சு பதைக்கப் பார்த்த தாய்மார் எங்களுக்குள் இருக்கிறார்கள். அதே படங்களை வெறும் ஆவலுக்காகப் பார்த்தவர்களும் எங்கேயோ இருந்திருப்பார்கள். ஒரு பெண்ணின் உடலை அவள் யார், அவளுக்கு என்ன நடந்தது என்று எண்ணாமல் பார்க்கிற கண்ணை நாங்கள் வெளியிலிருந்து வந்த கண் என்றே நினைத்திருந்தோம். அது என் வீட்டுப் போர்வைக்குள்ளும் இருந்தது.

இதை மகனுக்குச் சொன்னேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்வதா என்று சிலர் கேட்கலாம். பதினைந்து வயதில் அவன் பார்த்ததை விட நான் சொன்னது பெரிதல்ல.

அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "அவையள் விரும்பித்தானே அம்மா செய்யினம்? காசும் குடுப்பினம்தானே?" என்னிடம் பதில் இருக்கவில்லை. சிஸ்டரிடம் கொண்டு போனேன். அவர் பத்திரிகையில் வந்த ஒரு விடயத்தைச் சொன்னார். உலகின் மிகப் பெரிய ஆபாசத் தளங்களில் ஒன்று, 2020 டிசம்பரில் பல மில்லியன் காணொளிகளை ஒரேயடியாக நீக்கியது. சிறுமிகளுடையதும் வன்புணர்ச்சிக்கு உள்ளானவர்களுடையதுமான காட்சிகள் அங்கே இருப்பதை நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியிருந்தது. விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்களும் தங்கள் அட்டைகளை அங்கே பயன்படுத்த முடியாதபடி நிறுத்தின. நீக்கப்பட்டவை, யார் ஏற்றினார்கள் என்று உறுதிப்படுத்தப்படாதவை. அதற்கு முந்திய நாள்வரை அவற்றை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? விரும்பிச் செய்தவளும் இருக்கலாம், மிரட்டப்பட்டவளும் இருக்கலாம். பார்க்கிறவனுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள அவன் நிற்பதுமில்லை. மகன் பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவுமில்லை.

விரும்பிச் செய்தால் சரியா என்று கேட்டால், திருச்சபை அதையும் ஏற்பதில்லை. 1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2354 ஆம் எண்ணில் இதைப் பற்றிப் பேசுகிறது. நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் என எல்லாருடைய மாண்பும் கெடுகிறது என்பது அதன் கருத்து. ஒருவர் மற்றவரின் இன்பத்துக்கும் இலாபத்துக்கும் உரிய பொருளாகிவிடுகிறார். மத்தேயு நற்செய்தி 5 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இச்சையோடு நோக்குவதைப் பற்றிச் சொல்லும்போதும் பெண்ணிடம் உன்னை மூடிக்கொள் என்று சொல்லவில்லை. நோக்குகிறவனிடம்தான் பேசுகிறார். நாங்கள் எங்கள் மகள்மாருக்கு உடுப்பைப் பற்றி எவ்வளவு புத்தி சொல்லியிருப்போம்! மகன்மாருக்குக் கண்ணைப் பற்றி என்ன சொன்னோம்?

நடைமுறை விடயங்களுக்கு வருகிறேன். ஒரு நாளில் தீர்ந்த கதையல்ல இது. போனை அரிசி வாளியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்; படிப்பு நிற்க முடியாதே. இரவு ஒன்பது மணிக்கு அது மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் போடப்பட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். என்னுடைய போனும் அங்கேதான். அவனுக்கு மட்டும் சட்டம் வைத்தால் அது தண்டனையாகிவிடும். தையல் வகுப்புக்கு வருகிற ஒரு தங்கச்சி, கூகுளின் பமிலி லிங்க் என்ற செயலியைப் போட்டுத் தந்தாள். கெட்ட தளங்களைப் பெருமளவு அது தடுக்கும். ஆனால் கெட்டிக்காரப் பொடியனுக்கு வேறு வழி தெரியும், கூட்டாளியின் போனும் இருக்கும். கண் தவறு செய்யத் தூண்டினால் அதைப் பிடுங்கிவிடு என்று நற்செய்தியில் வருவதைப் பற்றிப் பாதர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. கண்ணை அல்ல, கண் விழுகிற நேரத்தையும் இடத்தையும் பிடுங்க வேண்டுமாம். அவனுக்கு அந்த நேரம் இரவும் தனிமையும். பின்னேரம் உதைபந்தாட்டத்துக்குப் போய்க் களைத்து வந்த நாட்களில் போனைத் தேடவில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு திரும்பவும் விழுந்தான். இந்த முறை நான் கண்டுபிடிக்கவில்லை. அவனே வந்து சொன்னான். அன்று நான் தும்புத்தடியை எடுக்கவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

எங்கள் பெண்கள் குழுவில் இதை நான் முதலில் சொன்னபோது பெரிய அமைதி. பிறகு ஒவ்வொருவராகக் கதைத்தார்கள். சிலருக்குப் பிள்ளையால் அல்ல, புருஷனால் பிரச்சினை. போனில் கண்டதைத் தன்னிடமும் கேட்கிறார், மறுத்தால் அடி என்றாள் ஒருத்தி. மனைவி என்றால் பொறுக்கத்தான் வேண்டும் என்று இன்னொருத்தி சொல்ல, சிஸ்டர் குறுக்கிட்டார். திருமணம் என்பது மனிசியைப் பொருளாக்குவதற்குக் கொடுத்த அனுமதி அல்ல என்று கண்டிப்பாகவே சொன்னார். இன்னொரு பிள்ளையை, காதலித்தவன் படத்தை வெளியில் விடுவேன் என்று மிரட்டிக் காசு கேட்டுக்கொண்டிருந்தான். சூசன்னாவுக்கு நடந்த அதே மிரட்டல். அவள் தாய்க்குக்கூடச் சொல்லாமல் சாகிற யோசனையில் இருந்தாளாம். இப்படியான நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து பெண்களுக்கான உதவி இலக்கமான 1938 ஐ அழையுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. சிறுவர்களின் ஆபாசப் படங்களை எடுப்பதும் பகிர்வதும் மட்டுமல்ல, வைத்திருப்பதும் எங்கள் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். இதை மகன்மாரும் தெரிந்திருக்க வேண்டும்; பகிடிக்கு வந்ததை அடுத்தவனுக்கு அனுப்பினாலும் குற்றம் குற்றம்தான். அந்தப் பிள்ளை அழைத்தாள். இன்றைக்கு எங்களோடு இருந்து தைக்கிறாள்.

என் மகன் இப்போது வளர்ந்துவிட்டான். சோதனை முழுக்க விட்டுப் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லை அம்மா, ஆனால் இப்ப ஒளிக்கிறதில்லை" என்றான். கோவிலில் வாசகம் வாசிக்கிற குழுவில் இருக்கிறான். கடந்த தவக்காலத்தில் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை அவனுடைய முறை வந்தது. நான் பின்வரிசையில் இருந்தேன். முதியோர் இருவரும் ஒளிந்து பார்க்கிற இடம் வந்தபோது குரல் கொஞ்சம் தடக்கியது. நிறுத்தி, எச்சிலை விழுங்கிவிட்டு, முடிவுவரை வாசித்தான்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, "சரியான நீள வாசகம் அம்மா" என்று மட்டும் சொன்னான்.