வியர்வை நாற்றமும் படிகாரக் கல்லும்

மல்லாங்கிணற்று வெயிலில் நடந்து வந்தால் சீருடை நனையாமல் இருக்குமா? ஆனால் புதிதாகச் சுரந்த வியர்வைக்கு நாற்றம் இல்லை. அக்குளில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதே நாற்றம் எழுகிறது. அங்குள்ள தனிவகைச் சுரப்பிகள் பருவ வயதில்தான் வேலை தொடங்குகின்றன. ஆகவே, மாணவியரே, இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வியர்வையைத் தடுக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வைக் குழாயின் வாயை அடைக்கின்றன. இதனால் புற்றுநோய் வரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இருப்பினும் அஞ்சிச் சிலர் படிகாரத்தைத் தேய்க்கிறார்கள். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் போடுகிறோமே, அதேதான். வேடிக்கை என்னவென்றால், படிகாரமே பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்!

அலுமினியமே வேண்டாம் என்போர் பச்சைப்பயற்று மாவில் வெட்டிவேர்ப் பொடி கலந்து தேய்த்துக் குளிக்கலாம். சமையல் சோடா சிலருக்குத் தோலை எரிக்கும். தண்ணீர் குறைந்த நாளில் ஒரு செம்பு நீரால் அக்குளை மட்டுமாவது சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காய்ந்த பருத்தி உடையை உடுத்துங்கள்.