கையெழுத்து வைக்க முன்னர் கேட்போம்

தோட்டப்புறப் பெண்களின் சுகாதாரம் பற்றிய ஆய்வுகளை வாசிக்கும்போது ஒரு விடயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். போசாக்கிலும் கல்வியிலும் வீட்டு வசதியிலும் தோட்டப் பெண்கள் பின்தங்கியிருக்கிறார்கள். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டில் மட்டும் அவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். இதனைப் பலர் ஒரு சாதனையாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் முறை எது என்று பார்த்தால்தான் கேள்வி எழுகிறது. நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டங்களிலேயே பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை அதிகம்.

ஹாலிஎலயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நான் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். இங்கே பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது, "ஒப்பரேசன் செய்தீங்களா?" என்று கேட்பது குறைவு. "எத்தனையாவது புள்ளையோட ஒப்பரேசன் செஞ்சீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். பிள்ளைப்பேற்றின் ஒரு பகுதியாகவே அது மாறிவிட்டது.

இதில் மனம் விரும்பிச் செய்துகொண்ட பெண்கள் பலர் இருக்கிறார்கள். மலைச்சரிவில் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு அடுத்தடுத்துக் கர்ப்பமாவது எவ்வளவு கொடுமை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குச் சத்திரசிகிச்சை ஒரு விடுதலையாக இருந்தது. அதை நாம் குறை கூற முடியாது. அப்படி விரும்பாமலே செய்யப்பட்டவர்களைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன்.

ஒரு தாய் என்னிடம் சொன்னதை அவர் அனுமதியுடன் எழுதுகிறேன். இரண்டாவது பிள்ளை வயிற்றை வெட்டி எடுக்கப்பட்டபோது சிங்களத்தில் இருந்த ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளையை எடுப்பதற்கான படிவம் என்று நினைத்து, வலியோடு வலியாக அவர் கையெழுத்து வைத்தார். சில வருடங்களின் பின் மூத்த பிள்ளை காய்ச்சலில் இறந்துவிட்டது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று கிளினிக் போனபோதுதான் தனக்குக் குழாய் கட்டப்பட்டிருப்பதை அறிந்தார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேனே மிஸ்" என்றார்.

இந்த நிலைமைக்கு ஒரு பின்னணி உண்டு. இலங்கையில் குடும்பத் திட்டமிடல் சங்கம் 1953 இல் ஆரம்பிக்கப்பட்டது. 1965 முதல் இச்சேவையை அரசு சுகாதாரத் திணைக்களத்தின் ஊடாக வழங்கியது. 1980 இல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. அத்தொகை பின்பு 500 ரூபா வரை உயர்ந்தது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு அன்று அது பெரிய பணம். பணம், தோட்ட நிர்வாகத்தின் செல்வாக்கு, புரியாத மொழி ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு பெண்ணின் 'சம்மதம்' எவ்வளவு சுதந்திரமானது என்பதே கேள்வி.

இது மலையகத்தோடு நிற்கவில்லை. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவர்களும் ஏனைய வன்னி மக்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தார்கள். அந்த மண்ணில், யுத்தம் முடிந்து நான்கு வருடங்களின் பின், 2013 ஆகஸ்டில், கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில் ஒரு சம்பவம் நடந்தது. பிள்ளைகளின் போசாக்கைப் பரிசோதிக்க வரும்படி தாய்மார் அழைக்கப்பட்டார்கள் என்றும், வந்த இடத்தில் கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியை ஏற்கும்படி வற்புறுத்தப்பட்டார்கள் என்றும் 'தி சோசல் ஆர்க்கிடெக்ட்ஸ்' என்ற அமைப்பின் அறிக்கை கூறியது. சுகாதாரத் தரப்பினர் வற்புறுத்தலை மறுத்தார்கள்.

அயல்நாட்டிலும் பாடங்கள் உண்டு. 2014 நவம்பரில் இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் ஒரு முகாமில் சில மணி நேரத்தில் 80 இற்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016 இல் இந்திய உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று வருடங்களுக்குள் நிறுத்தும்படி பணித்தது. இறந்தவர்கள் ஏழைப் பெண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் ஆய்வுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எமது நாட்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகளில் 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் யுத்தப் பிரதேசங்கள் சேர்க்கப்படவில்லை. 2006/07 ஆய்வில் வட மாகாணம் விடுபட்டது. 2016 ஆய்வுதான் 25 மாவட்டங்களையும் உள்ளடக்கியது. அதன்படி தற்போது மணவாழ்வில் உள்ள பெண்களில் நூற்றுக்கு 65 பேர் அளவில் ஏதோ ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்தினார்கள். 14 பேர் அளவில் சத்திரசிகிச்சை செய்தவர்கள். சத்திரசிகிச்சை செய்த ஆண்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஆணுக்கான சத்திரசிகிச்சை பெண்ணுக்குரியதை விட இலகுவானது. அதனால் ஆணின் பலமோ ஆண்மையோ குறைவதில்லை. ஆனாலும் சுமை பெண்ணின் மேல்தான்.

இந்தக் கணக்கு மணவாழ்வில் உள்ள பெண்களை வைத்தே போடப்படுகிறது. கணவனை இழந்தவர், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர் இந்த விகிதத்தில் வருவதில்லை. "பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்கும் ஆய்வு, "யார் தீர்மானித்தது? எந்த மொழியில் விளக்கினார்கள்? வேறு முறைகளைச் சொன்னார்களா?" என்றும் கேட்க வேண்டும். அப்போதுதான் எண்ணிக்கைக்குப் பின்னால் உள்ள பெண் தெரிவாள்.

எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதைச் சுதந்திரமாகத் தீர்மானிக்கும் உரிமையும் அதற்கான தகவலைப் பெறும் உரிமையும் பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தின் 16 ஆவது உறுப்புரையில் உள்ளது. இலங்கை 1981 இல் அதனை ஏற்றுக்கொண்டது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. எனவே படிவத்தைத் தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்பது எமது உரிமை.

சகோதரிகளே, கையெழுத்து வைக்க முன்னர் இவற்றைக் கேளுங்கள்:

1. இது தற்காலிகமானதா, நிரந்தரமானதா?
2. எவ்வளவு காலம் வேலை செய்யும்? இடையில் நிறுத்த விரும்பினால் எங்கே போக வேண்டும்?
3. மாதவிடாயில் என்ன மாற்றம் வரும்? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?
4. எனக்குப் பொருத்தமான வேறு முறைகள் எவை?
5. இன்றே தீர்மானிக்க வேண்டுமா? வீட்டுக்குப் போய் யோசித்து வரலாமா?

பதில்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சில விபரங்கள்: ஊசி மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடப்படுவது; நிறுத்தியபின் கரு தங்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். ஜடெல் எனும் கைக்குச்சி ஐந்து வருடங்களுக்குரியது. விரும்பிய நேரம் பயிற்சி பெற்றவரைக் கொண்டு எடுத்துவிடலாம். செம்பு லூப் பத்து வருடம் வரை இருக்கும். அதையும் இடையில் எடுக்கலாம். மாத்திரையை நாள் தவறாமல் குடிக்க வேண்டும். பால்வினை நோய்களிலிருந்தும் எச்.ஐ.வி.யிலிருந்தும் பாதுகாப்பது ஆணுறை மட்டுமே. குழாய் கட்டும் சத்திரசிகிச்சையை நிரந்தரம் என்றே எண்ணித் தீர்மானிக்க வேண்டும். பிரசவ வலியில் அல்ல, கர்ப்ப காலக் கிளினிக்கிலேயே அதைப் பற்றிப் பேசி முடிவெடுப்பது நல்லது.

தனித்து வாழும் சகோதரிகள், "எனக்கு இனி என்ன கிளினிக்?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக் 35 வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் உரியது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனையை அங்கே இலவசமாகச் செய்வார்கள். எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் பகுதி மருத்துவமாதிடம் கேளுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தெரிந்த ஒரு பிள்ளையை அல்ல, நம்பிக்கையான ஒரு பெண்ணைக் கூட்டிச் செல்லுங்கள். பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாயும் எல்லாவற்றையும் சொல்லமாட்டாள்.